பொட்டு வைச்ச ஸ்கீ

இல்லைத் தம்பி, ஒருக்கா திருப்பிச் சொல்லுங்கோ. என்ன கண்டனீங்கள்? ஸ்கீயில, பனியில வழுக்கிற கட்டையில, பொட்டோ? இதே மாதிரி, நுனி வளையிற இடத்தில, சந்தனமும் அதுக்கு நடுவில குங்குமமும்?

வாங்கோ, இதில இருங்கோ. பையைக் கீழ வைக்கிறன். ஒஸ்லோவில பஸ் ஏறின நேரம் தொட்டு நானும் பாக்கிறன், பின்சீற்றில எங்கட முகம் ஒண்டு இருக்கு, ஆர் எவரெண்டு தெரியேல்லை. நீங்களா எழும்பி வந்து, "அண்ணே, உங்க ஸ்கீ பாதியில முறிஞ்சிருக்கே, அதுலயும் பொட்டு வச்சிருக்கீங்களே" எண்டு கேட்டீங்கள் பாருங்கோ, அது கடவுள் செயல். நான் கடவுளைக் கும்பிடுறதில்லை, அது மனிசியின்ர பகுதி. ஆனா இது கடவுள் செயல்.

ஸ்தூரலியிலதானே? நீங்கள் வேலை செய்யிற ஹொட்டேலுக்குப் பின்னால, மேட்டில, சிவப்பு வீடு. ரெண்டு சோடி ஸ்கீ பனியில குத்தி நிக்குது. ஒண்டு நெட்டை, மற்றது கொஞ்சம் கட்டை. ரெண்டிலயும் பொட்டு. தமிழ்ச்சனம் ஆரோ லீவுக்கு வந்திருக்கினம், ஒருக்காப் போய் வணக்கம் சொல்லுவம் எண்டு நினைச்சனீங்கள். அப்பிடித்தானே? கதவைத் தட்டினனீங்களோ? இல்லை. நல்லது. தனியப் போய்த் தட்டாதேங்கோ. நாங்கள் ரெண்டு பேருமாப் போய்த் தட்டுவம்.

சந்தோசத்தில ஒருக்காக் கை குடுங்கோ. கட்டோ? அது ஒண்டுமில்லை, சின்னக் காயம். பிறகு சொல்லுறன்.

அது என்ர மனிசியும் மகளும்.

குடும்பம் அங்க, நான் இஞ்ச, ஏன் தனிய வாறனெண்டு கேக்கிறீங்கள். சொல்லத்தான் போறன். ஸ்தூரலிக்கு இன்னும் தூரம் கிடக்கு, வெளியில பாக்கிறதுக்கும் வெள்ளையைத் தவிர ஒண்டுமில்லை.

என்ர பேர் நகுலேசன். ஒஸ்லோவில பனி தள்ளுற மிசின் ஓட்டுறன். சனம் எழும்ப முதல் றோட்டில கிடக்கிற பனியெல்லாத்தையும் தள்ளி ஒதுக்க வேணும். தள்ளி முடிச்சு திரும்பிப் பாத்தா பிறகும் கொட்டிக் கிடக்கும். வருசத்தில பாதி அந்தச் சனியனோடதான் மாரடிக்கிறன். அதால எனக்குப் பனியைக் கண்டாலே பத்திக்கொண்டு வரும். கூலிக்குத் தள்ளுற சாமானில, லீவெடுத்துப் போய் வழுக்கி விளையாடுறதோ? நீங்களே சொல்லுங்கோ.

ஆனா மகள் கேட்டவள். ஆரபி எண்டு பேர், பதினைஞ்சு வயசு. ஈஸ்டர் லீவெண்டா இந்த நாட்டில ஒருத்தரும் வீட்டில நிக்கிறதில்லையெண்டு உங்களுக்குத் தெரியும். எல்லாம் மலைக்குப் போயிடும். முதுகுப் பையில தோடம்பழமும், உங்கட ஒரேஞ்சுதான், சொக்லேற்றும். லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் வரேக்க எல்லாற்ற முகமும் வெயிலில வெந்து, கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெள்ளையாக் கிடக்குமாம். "அப்பா, ஈஸ்டருக்கு எங்க போனனீ எண்டு என்னை மட்டும் ஒருத்தரும் கேக்கிறதில்லை. அவைக்கு மறுமொழி தெரியும். அதுதான் எனக்கு வெக்கமாக் கிடக்கு" எண்டாள்.

நான் என்ன கல்லே? போவம் எண்டனான். இதை நல்லா ஞாபகம் வைச்சிருங்கோ. கதையைக் கேக்கிற ஆக்கள் எல்லாம் நான் விடேல்லை எண்டுதான் நினைக்கினம். நான்தான் முதல்ல போவம் எண்டு சொன்னனான்.

ஆனா பயணம் எண்டா ஒரு ஆள்தான் திட்டம் போட வேணும். ஆளாளுக்குப் போட்டா குழம்பிப்போடும். என்ர திட்டம் வடிவான திட்டம் தம்பி. சிநேகிதன்ர வானை எடுக்கிறது. அடுப்பு, சோத்துச் சட்டி, கருவாடு எல்லாம் கொண்டு போறது. மலையடியில வானை நிப்பாட்டி, சமைச்சுச் சாப்பிட்டு, நாலு படம் எடுத்துப்போட்டு, பொழுது சாய முதல் திரும்பி வாறது. முகம் கறுக்க வேணுமெண்டா கறுக்கும். நாங்கள் ஏற்கனவே கறுப்பு, அது வேற கதை. ஸ்கீ தேவையில்லை எண்டனான். ஏன், நிண்டு பாத்தா மலை ஓடிப்போயிடுமோ?

அப்பத்தான் மனிசி வாய் திறந்தவ. சாந்தரூபி. முதியோர் இல்லத்தில வேலை. அங்க அவவோட வேலை செய்யிற இங்ரித் எண்ட நோர்வேக்காரிக்கு ஸ்தூரலிப் பக்கம் ஒரு மலைவீடு இருக்காம். இந்த வருசம் அவள் போகேல்லையாம், திறப்பை, உங்கட தமிழில சாவியை, தாறன், பிள்ளையோட போய் ஒரு கிழமை நில் எண்டு சொன்னவளாம்.

நான் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தனான். "ஆற்றையோ வீட்டில நான் போய் ஒண்டியிருக்கிறதோ?" எண்டு கேட்டன். கோப்பை பறந்துபோச்சு. நான் எறிஞ்சனான் எண்டு சொல்லேலாது, கை பட்டது. பட்ட வேகத்தில அவவின்ர காதடியால போய்ச் சுவரில அடிச்சு உடைஞ்சுது. சுவரெல்லாம் புட்டும் மீன்குழம்பும். அவவில படேல்லை. எனக்குக் குறி தப்பாது தம்பி. பட வேணுமெண்டு நினைச்சிருந்தா பட்டிருக்கும்.

அவ உடன எழும்பினவ. துணி எடுத்துக்கொண்டு வந்து சுவரைத் துடைச்சவ. எனக்கு அதுதான் பிடிக்காது. ஒரு வார்த்தை திருப்பிக் கதைச்சா மனுசனுக்கு ஆறும். இவ துடைப்பா. நான் மனசு நொந்துபோய்ப் படுத்திட்டன்.

அதுக்குப் பிறகு வீட்டில மலைக் கதை இல்லை. நான் நினைச்சன் சரி, அடங்கீட்டினம் எண்டு. நான் இல்லாத நேரம் மகள் காலில ரெண்டு சோடி காலுறையைப் போட்டுக்கொண்டு நடையில வழுக்கிப் பழகுறவளாம். தாய் சிரிக்கிறவளாம். ஒருநாள் வேளைக்கு வந்திட்டன், கதவுக்கு வெளியிலயே கேக்குது, ரெண்டு பேரும் அப்பிடிச் சிரிக்கினம். திறப்பைப் பூட்டில போட்டன். சத்தம் நிண்டிட்டுது. உள்ள போனா ஒருத்தி சோபாவில, ஒருத்தி குசினியில. என்ர வீட்டில என்னைக் கண்டா அவ்வளவு மரியாதை.

இல்லை, மகளோட எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. ஒரேயொருக்கா, "ஸ்கீ வாங்கித் தாங்கோ அப்பா, சும்மா நிண்டு படம் எடுக்க நான் வரமாட்டன்" எண்டு எதிர்த்துக் கதைச்சவள். கையைப் பிடிச்சுத்தான் சொன்னனான், வரவேணும் எண்டு. பிடிச்சுக் கதைக்கிறது எங்கட ஆக்களின்ர வழக்கம்தானே. பெட்டைக்கு எலும்பு மெலிசு. ஆஸ்பத்திரியில மணிக்கட்டுக்கு மாவுக்கட்டுப் போட்டவை. பள்ளிக்கூடத்தில கேட்டதுக்கு ஐஸில வழுக்கி விழுந்தனான் எண்டு சொன்னவள். நான் சொல்லிக் குடுக்கேல்லை, தானாச் சொன்னவள். தகப்பனை விட்டுக் குடுக்காத பிள்ளை. அதை நினைச்சா எனக்கு இப்பவும் கண் கலங்கும்.

ஏன் தம்பி ஒரு மாதிரி இருக்கிறீங்கள்? வளைஞ்சு வளைஞ்சு ஏறுற பாதை, தலை சுத்தும். தண்ணி குடியுங்கோ.

எங்கட தொடர்மாடியில ஒவ்வொரு வீட்டுக்கும் நிலத்துக்குக் கீழ ஒரு சின்ன ஸ்டோர் றூம் இருக்கு. கார்ச்சில்லு எடுக்கப் போனனான். சில்லை இழுக்க, பின்னால போர்வையால சுத்தி என்னவோ நிக்குது. அவிட்டன். ஸ்கீ. ரெண்டு சோடி. ஆற்றையோ சாமான் மாறி வந்திட்டுதாக்கும் எண்டுதான் முதல் நினைச்சன். பிறகு வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்தா பொட்டு.

எங்கட வீட்டில புதுசா எது வந்தாலும் அவ பொட்டு வைக்காமல் விடமாட்டா. கார், தையல் மிசின், உடுப்புத் தோய்க்கிற மிசின், எல்லாத்துக்கும். என்ர பனி மிசினுக்கே ஒருக்கா வந்து வைச்சவ, நான் சறுக்கி விழுந்து சாகக் கூடாதாம். மேலாளன் அதைத் துருவெண்டு நினைச்சு மருந்தடிச்சு அழிச்சவன். இந்த நோர்வே நாடு முழுக்கத் தேடினாலும் ஸ்கீக்குப் பொட்டு வைக்கிற பொம்பிளை அவ ஒருத்திதான் இருப்பா. என்னட்டை மறைக்க வேணுமெண்டு போர்வையால சுத்தத் தெரிஞ்சிருக்கு. பொட்டு வைக்காமல் விடத் தெரியேல்லை.

ஸ்கீக்கு அளவு பாக்கிறது எப்பிடியெண்டு தெரியும்தானே? கையைத் தலைக்கு மேல நீட்டி, மணிக்கட்டு மட்டும் வர வேணும். நான் நெட்டைச் சோடியை நிறுத்தி, பக்கத்தில நிண்டு கையைத் தூக்கினன். எனக்குக் காணாது. அது அவவின்ர. மற்றது மகளின்ர. சரி, என்ர சோடியை வேற இடத்தில ஒளிச்சு வைச்சிருக்கினம், கடைசி நேரத்தில தந்து என்னைத் திகைக்க வைக்கப் போகினம் எண்டு நினைச்சன். சத்தியமா அப்பிடித்தான் நினைச்சன். சில்லெல்லாம் புரட்டி, பெட்டியெல்லாம் கொட்டித் தேடினன். இல்லைத் தம்பி. ரெண்டு சோடிதான்.

அந்த ஸ்டோருக்குள்ள இருந்து அழுதனான். இதை ஒருத்தருக்கும் சொன்னதில்லை. மலைக்குப் போக விருப்பமில்லாதவன்தான். ஆனா வேண்டாமெண்டு நான் சொல்ல வேணும். நீ வேண்டாமெண்டு அவை சொல்லக் கூடாது.

பிறகு நாலு கட்டையையும் தூக்கிக்கொண்டு மேல போனன். ஸ்கீ நல்ல பலமான சாமான் பாருங்கோ. காலால மிதிச்சா வளையுது, முறியிதில்லை. பல்கனிக் கம்பிக்கு இடையில குடுத்து, முழுப்பாரத்தையும் போட்டுத்தான் முறிச்சன். முறியேக்க வெடி மாதிரிச் சத்தம். ஒவ்வொண்டுக்கும் மகள் துள்ளுறாள். தாய்க்காரி அவளுக்கு முன்னால வந்து நிண்டுகொண்டு, "இஞ்சேருங்கோ, பிள்ளை நிக்கிறாள். இஞ்சேருங்கோ, பிள்ளை நிக்கிறாள்" எண்டு அதையே சொல்லிக்கொண்டு நிண்டவ. பிள்ளை நிக்கிறது எனக்குத் தெரியாதோ? பிள்ளைக்கு விளங்க வேணுமெண்டுதானே முறிச்சனான்.

கடைசிக் கட்டை முறிஞ்சு, பாதி என்ர கையில இருக்கு. இந்தப் பாதிதான். நான் திரும்பினன். திரும்பினது மட்டும்தான். ரெண்டு பேரும் குளிக்கிற அறைக்குள்ள ஓடிப்போய்ப் பூட்டிப்போட்டினம்.

நான் முதல்ல மெல்லமாத்தான் சொன்னனான். கதவைத் திற, நான் அடிக்க மாட்டன் எண்டு சொல்லுறன்தானே, கதவைத் திற. நீங்கள் எண்டா திறந்திருப்பீங்களோ இல்லையோ? ஒரு மனுசன் அடிக்க மாட்டனெண்டு இத்தினை தரம் சொல்லுறான். திறக்கேல்லை. பிறகுதான் இதால ஒரு குத்துக் குத்தினன். அந்தக் கதவு வெறும் மட்டை தம்பி, மரமெண்டு ஏமாத்தி வைச்சிருக்கிறாங்கள். ஒரே குத்தில கூர் உள்ளுக்குப் போட்டுது. மகள் கத்தின கத்து இருக்கே, ஏதோ கொலை நடந்த மாதிரி. கதவில ரத்தம். ஆற்ற ரத்தம்? என்ர ரத்தம். முறிஞ்ச கட்டையின்ர சிராம்பு கையைக் கிழிச்சுப்போட்டுது. அவைக்கு ஒரு கீறல் இல்லை. காயப்பட்டவன் நான், ஆனா பொலிஸ் வந்து கொண்டுபோனதும் என்னைத்தான். கீழ்வீட்டுக் கிழவன் பொலிசுக்குப் போன் அடிச்சுச் சொல்லியிருக்கிறான். அவனை நான் பிறகு பாக்கிறன்.

விட்டவங்கள். விடாமல் என்ன செய்யிறது? மனிசியிட்டையும் பிள்ளையிட்டையும் கிட்டப் போகக் கூடாதெண்டு ஒரு கடுதாசி தந்தவங்கள். எனக்கு நோர்வேக்காரன்ர பாசை நல்லா வாசிக்க வரும். அதை வாசிக்கேல்லை. என்ர மனிசியிட்டை நான் போறதுக்கு ஆற்றையோ கடுதாசியோ? சிநேகிதன்ர வீட்டில படுத்திருந்தனான். பிறகு பொறுக்கேலாமல் வீட்டை போய்ப் பாத்தா வெறும் வீடு. முறிஞ்ச துண்டுகள் பல்கனியில அப்பிடியே கிடக்கு. குசினி மேசையில ஒரு தோடம்பழம். எனக்கெண்டுதான் வைச்சிட்டுப் போயிருப்பா. கோவம் இருந்தா அப்பிடி வைப்பாவோ?

தோடம்பழத்தைக் கண்டோடன விளங்கீட்டுது, மலைக்குத்தான் எண்டு. ஸ்தூரலி எண்டு பேர் தெரியும். ஆனா அங்க மலை முழுக்க வீடு எண்டு சொன்னாங்கள். ஒவ்வொரு கதவாத் தட்டுவம் எண்டுதான் வெளிக்கிட்டனான். இப்ப பாருங்கோ, நீங்கள் ஒரு வார்த்தையில சொல்லிப்போட்டீங்கள். புது ஸ்கீ வாங்கி, அதுக்கும் பொட்டு வைச்சிருக்கிறா பாருங்கோ. எத்தினையை முறிச்சாலும் அவ திருந்தமாட்டா.

என்ன? இந்த முன்னால இருக்கிற கிழவி என்னவாம்? சத்தம் கூடவாம். நான் என்ர காசில ரிக்கெற் எடுத்து என்ர பாசையில கதைக்கிறன். திரும்பு அங்கால! பாத்தீங்களோ, சீற்றை ஒருக்காக் காலால தட்டினோடன திரும்பீட்டுது. இவ்வளவுதான். ஆரோடயும் எனக்கு மல்லுக்கட்டத் தேவையில்லை, ஒரு தட்டு.

இருங்கோ தம்பி, ஏன் எழும்புறீங்கள்? தோளில கை போட்டா கூசுதோ? இருங்கோ. முக்கியமான அலுவலைச் சொல்ல வேணும்.

நான் சண்டைக்குப் போகேல்லை. மன்னிச்சிட்டன் எண்டு சொல்லப் போறன். முறிஞ்ச கட்டை ஏனெண்டு கேக்கிறீங்கள். இதை அவவின்ர கண்ணுக்கு முன்னால பிடிக்க வேணும். பிடிச்சு, இது ஏன் முறிஞ்சதெண்டு அவவின்ர வாயால சொல்ல வைக்க வேணும். சொல்லும் மட்டும் நான் விடமாட்டன். சொன்னோடன மன்னிச்சுப்போடுவன்.

ஆனா என்ர குரல் கேட்டா திறக்க மாட்டினம். எனக்குத் தெரியும். அதுக்குத்தான் உங்களைக் கடவுள் அனுப்பினவர். நீங்கள் போய்க் கதவில நிண்டு, "அக்கா, நானும் தமிழ்தான், கீழ ஹோட்டல்ல சமையல் வேலை, வாசல்ல பொட்டு பாத்தேன்" எண்டு உங்கட திண்டுக்கல் தமிழில சொல்லுங்கோ. திறப்பா. தமிழ்ச்சத்தம் கேட்டா அவவால திறக்காமல் இருக்கேலாது. வாங்கோ தம்பி, தேத்தண்ணி குடியுங்கோ எண்டுவா. நான் பக்கத்தில சுவரோட ஒட்டிக்கொண்டு நிக்கிறன். நீங்கள் வேறொண்டும் செய்யத் தேவையில்லை. கதவு திறந்தாப் பிறகு நீங்கள் போகலாம். நீங்கள் போறதுதான் நல்லது.

எங்க? சாரதியிட்டையோ? இறங்கிற இடம் சொல்லவோ? ஓ, சொல்லாட்டி நிப்பாட்ட மாட்டானோ. சரி, போட்டு வாங்கோ. நான் இஞ்சயிருந்து பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்.

என்ன இவ்வளவு நேரம்? அவன் கண்ணாடியால என்னைத் திரும்பித் திரும்பிப் பாக்கிறான், என்ன சொன்னனீங்கள் அவனிட்டை? "எங்க அண்ணன், முதல் தடவ வர்றார்" எண்டோ. ஹா. அண்ணன்தான், இனி நீங்கள் என்ர தம்பிதான். ஈஸ்டர் முடிய வீட்டை வாங்கோ, நாலு பேருமா இருந்து சாப்பிடுவம். மனிசி நண்டுக்கறி வைச்சா ஊரே மணக்கும்.

என்ன, அடுத்த நிப்பாட்டிலயே இறங்கிறதோ? முன்னால திரையில ஸ்தூரலி எண்டு இன்னும் எழுதி வரேல்லையே. முதல்ல ஹொட்டேலுக்குப் பின்னால எண்டு சொன்னனீங்கள். ஓ, மேட்டு வீடெண்டபடியா மேலப் பக்கத்தால வாறது கிட்டவோ. ஹொட்டேலடியில இறங்கினா திரும்ப ஏற வேணும். சரி சரி, இடம் தெரிஞ்சவன் நீங்கள். வழுக்குமோ? நான் முன்னால இறங்கவோ? பையை நீங்கள் பிடியுங்கோ அப்ப. கவனம், கட்டையின்ர கூர் குத்தும்.

அப்பாடா. என்ன குளிர். தம்பி, இறங்குங்கோவன். ஒரு வீட்டையும் காணேல்லையே இஞ்ச. கார் விடுற வெளியும், பூட்டின கடையும்தான் கிடக்கு. பாதை எங்க? தம்பி?

சாரதி ஏன் பஸ் கதவைப் பூட்டுறான்? டேய், சொல்லு அவனுக்கு, நீயும் இறங்க வேணுமெண்டு. என்ர பை! பை உன்னட்டை! ஆரோட போனில கதைக்கிறாய்? என்னைப் பாத்துக்கொண்டு ஆரோடயடா கதைக்கிறாய்? கிழவி என்ன பாக்கிறாய்? டேய்! உன்னை நம்பித்தானேடா எல்லாம் சொன்னனான். இந்தக் கண்ணாடியை உடைக்க எனக்கு எவ்வளவு நேரம் செல்லும்? டேய் தம்பி, பஸ்ஸை எடுக்கச் சொல்லாதை, நிப்பாட்டச் சொல்லு.

கதவைத் திற! நான் அடிக்க மாட்டன் எண்டு சொல்லுறன்தானே. கதவைத் திற!